விரல்கள் பத்தும் நலம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும், நாள் முழுக்க ஆய்வகத்தில் நின்று நின்று வலிக்கும் உன் இடுப்பும் சுகமா?

போனில் பேசலாமே என்று சொல்லிவிட்டுப் போனாய். போன் சித்தியின் மேசையில் இருக்கிறது. அவள் பக்கத்தில் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது, உனக்குத் தெரியும். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீ என்னை இங்கே விட்டுவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. சித்தியின் சலவைக்கூடம் பழகிவிட்டது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு முனையில் துவைக்கும் இயந்திரங்கள் ஆறு. மறு முனையில் உருளை. ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், நீராவிச் சூட்டில் நசுங்கி, மறுபக்கம் காய்ந்த தாளாக வருகிறது. இரண்டு ஆஸ்பத்திரி விரிப்பும் ஒரு விடுதி விரிப்பும் இங்கேதான் வருகின்றன. என்னை மடிப்பு மேசையில் வைத்திருக்கிறாள் சித்தி. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி. எல்லோரும் அவளை வாயாடி என்கிறார்கள்.

"ஏய், கிள்ளினா உனக்குத் தெரியாதாமே? கிள்ளட்டா?"

"தொடுறது தெரியும். வலி தெரியாது."

"அடிப்பாவி! எனக்கு மட்டும் அது இருந்தா, எங்கப்பன் பெல்ட்டை எடுக்கிறப்ப சிரிச்சுக்கிட்டே நின்னிருப்பேனே."

சித்தியும் கேலி செய்கிறாள். "உன் வியாதியில எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுடி. இந்த முட்டி என்னை உசிரோட தின்னுது." நீ வைத்த செல்லப்பெயரையும் கொஞ்சம் திருத்திவிட்டாள். உன் எறும்பு இங்கே இரும்பு.

ஏன் உனக்கு வலிப்பதில்லை என்று வாயாடி கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை பேருந்தில் வைத்து நீ விளக்கினாய், மறந்துவிட்டேன். எழுது. நான் ஏழாவதோடு நின்றவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

நீ சொல்லிக்கொடுத்தபடி தினமும் சாயங்காலம் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கைவிரல் பத்தும் சரி. கால்விரல் பத்தும் சரி. குதிகால் இரண்டும் சரி. நாக்கு சரி. கண் சரி.

முதல் மழைக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னாய். கொடியில் துணி காய வேண்டுமே என்று இங்கே எல்லோரும் மழை வேண்டாம் என்கிறார்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

உன் எறும்பு

*

மார்ச் 16

என் எறும்புக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே கவலை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், வாயாடிக்கும் படித்துக் காட்டு. உடம்பு என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையின் வெளிச்சுவரிலும் சில புரதங்கள் பதிந்திருக்கும். அவற்றில் ஒரு வகைக்கு ஏற்பி என்று பெயர். வாசலில் தபால்பெட்டி இருக்கிறதே, அதுபோல. வெளியே இருந்து வரும் செய்தியைப் பிடித்து உள்ளே சேர்ப்பது அதன் வேலை. பெட்டி இல்லாத வீட்டுக்கு எத்தனை கடிதம் போட்டாலும் சேராது.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது வலி நரம்புகள் தோலை நோக்கி வளரும். தோல் ஒரு பொருளைச் சுரந்து, வா வா என்று அவற்றை அழைக்கும். நரம்பின் மேலிருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டால் நரம்பு பிழைக்கும். பிடிக்காவிட்டால், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று அந்த நரம்பு பட்டுப்போகும். உன் நரம்புகளில் அந்த ஒரு ஏற்பி சரியாக உருவாகவில்லை. உன் தோல் அழைத்துக்கொண்டுதான் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்புக்கும் அதே ஏற்பிதான் வேண்டும். அதனால் உனக்கு வலியும் இல்லை, வியர்வையும் இல்லை. தொடுவது மட்டும் எப்படித் தெரிகிறது என்றால், அந்த நரம்புகள் வேறு பெட்டி வைத்திருக்கின்றன.

வளர்ந்த பிறகும் அந்த ஏற்பி சும்மா இருப்பதில்லை. அடிபட்ட இடத்தில் வலியை ஏற்றிவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. சித்தியின் முட்டியில் அது மும்முரமாக வேலை செய்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக அந்தப் பெட்டியை அடைக்க மருந்து தேடுகிறார்கள். உனக்கு இல்லாமல் போனதை அவர்களுக்கு இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள்.

படித்ததை மறந்தாலும் இதை மறக்காதே. உருளைப் பக்கம் போகாதே. சூடான எதையும் கையுறை இல்லாமல் தொடாதே. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. மணிக்கொரு முறை ஈரத்துணியால் கழுத்தைத் துடை. விசிறியின் கீழே உட்கார்.

கல்யாணம் ஏப்ரல் முதல் வாரம். மாப்பிள்ளை நம் அத்தை மகன் என்பதால் புதிதாக யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. இந்த வெயிலில் பயணம் உனக்கு ஆகாது என்று அத்தை சொல்கிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. போட்டோ அனுப்புகிறேன்.

வீடு பார்த்துக் குடியேறியதும் முதல் மழைக்கு உன்னை அழைத்துக்கொள்வேன். சொன்னால் சொன்னதுதான்.

அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள். போட்டோ வந்தது. நீ சிரிக்கிறாய். அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அத்தை சிரிக்கவில்லை. மடிப்பு மேசையில் எல்லோருக்கும் காட்டினேன். "தங்கச்சி இல்லாத கல்யாணமா?" என்று வாயாடி கேட்டாள். போட்டோ எடுத்தது நான்தான் என்று சொன்னேன். நம்பியதுபோல் தலையாட்டினாள்.

உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். "அப்ப உன் உடம்பு பூரா பூட்டின வீடா?" என்றாள் வாயாடி. சித்தி முட்டியைத் தடவிக்கொண்டே, "உங்கக்கா படிச்ச படிப்புக்கு அந்த மருந்தை எனக்கு வாங்கித் தரச் சொல்லு, லெட்டர் அப்புறம் எழுதட்டும்" என்றாள்.

எனக்கு வேலை மாறிவிட்டது. உருளையின் மறுமுனையில் விரிப்பை வாங்கிக்கொண்டிருந்த பெண்மணி, உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகி நின்றுவிட்டார். சித்தி என்னை அங்கே நிறுத்தினாள். கையுறை கேட்டேன். "கையுறை சுடுறவங்களுக்குடி. அதைப் போட்டா துணி வழுக்குது" என்றாள். என் பக்கம் இருந்த விசிறி மடிப்பு மேசைக்குப் போய்விட்டது. "அவங்களுக்கு வேர்க்குது பாவம். உனக்குத்தான் வேர்க்கவே வேர்க்காதே" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அக்கா, ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு எடுக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் இருநூற்றைம்பதுதான் எடுத்தார். ஆஸ்பத்திரி வண்டிக்காரர்கூட, "யார் இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் எதிலும் முதல் என்று சொன்னதில்லை. காம்பஸ் முனையை என் தொடையில் குத்திப் பார்க்க வரிசையில் நின்ற நாளில்தான் வகுப்பு முழுக்க என் பெயர் தெரிந்தது. அதோடு நீ என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாய். இங்கே ஒருவரும் குத்துவதில்லை. வேலைதான் கொடுக்கிறார்கள்.

வலது கைவிரல் ஐந்தும் சரி. கால்விரல் பத்தும் சரி. குதிகால் சரி. நாக்கு சரி. கண் சரி.

மேகம் எதுவும் இல்லை.

எறும்பு

*

ஏப்ரல் 29

இடது கை?

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. பத்து வருடமாக நீ சொல்லும் பட்டியலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அம்மா போன நாளில்கூட உன் விரலை எண்ணிவிட்டுத்தான் அழுதேன். இடது கை எங்கே போயிற்று?

சித்திக்குப் போன் செய்தேன். "பொண்ணு ராணி மாதிரி இருக்கா. சந்தேகம்னா வந்து பாரு. பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போ" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பது இரண்டே அறை. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். புது இடம், புது மனிதர்கள் இல்லை என்றாலும் புது உறவு. கொஞ்சம் கால் ஊன்றிக்கொள்கிறேன்.

இடது கையைப் பற்றி எழுது. மறைக்காதே.

அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபமாக இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும்.

இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன.

விரிப்பின் ஓரம் மடங்கியது, சரி செய்ய விரலை நீட்டினேன். அடுத்த விரிப்பில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. ஆஸ்பத்திரிக் கறை சரியாகப் போகவில்லை என்று நினைத்து, அதைத் தனியே எடுத்து வைத்தேன். அதற்கடுத்ததிலும் கோடு. மூன்றாவது விரிப்பில்தான் வாயாடி கத்தினாள். சித்தி ஓடிவந்து, "ஐயோ, விரிப்பு!" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

வாயே திறக்காத சித்தப்பாதான் சட்டையைக் கிழித்துக் கட்டி, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே மரத்துப்போக ஊசி எடுத்தவரிடம், "இவளுக்கு அது வேண்டாம்" என்று அவரே சொன்னார். "அப்படியா? மருந்து மிச்சம்" என்று அவர் தையல் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு தையல்.

மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டேன். அந்த மூன்று நாளும் வாயாடி சாப்பிடவில்லை. வெட்டுப்பட்டது எனக்கு, பட்டினி கிடந்தது அவள்.

கைவிரல் ஒன்பதரை சரி. கால்விரல் பத்தும் சரி. குதிகால் சரி. நாக்கு சரி. கண் கொஞ்சம் சிவப்பு.

இன்னும் இருபது நாளில் மழை என்று வண்டிக்காரர் சொல்கிறார். என் துணிகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அதிகமில்லை, ஒரு பைதான்.

எறும்பு

*

ஜூலை 21

அன்புத் தங்கைக்கு,

நலம் கேட்கக்கூட முகமில்லாமல் எழுதுகிறேன். மழை வந்து ஒன்றரை மாதமாகிவிட்டது என்று தெரியும். நீ திட்டமாட்டாய் என்பதும் தெரியும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பத்து வாரம்.

உன்னால் மட்டுமே ஆகக்கூடிய ஓர் உதவி வேண்டும். அந்த ஏற்பியைச் செய்வதற்கான குறிப்பு எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும். அப்பாவிடம் ஒன்று பழுது, அம்மாவிடம் ஒன்று பழுது. உனக்கு இரண்டு பழுதும் வந்துவிட்டன. என்னிடமும் ஒன்று இருக்கலாம். உன் அத்தான் நம் அப்பாவின் தங்கை மகன், அவரிடமும் இருக்கலாம். இரண்டு பேரிடமும் இருந்தால், பிறக்கிற குழந்தை உன்னைப்போல் ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

பழுது எந்த இடத்தில் என்று முதலில் உன் ரத்தத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால்தான் எங்களிடமும் குழந்தையிடமும் தேட முடியும் என்று பெரிய ஆய்வகத்தில் சொல்கிறார்கள். இத்துடன் சீட்டு வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுபோய் உனக்குத் தையல் போட்ட கிளினிக்கில் கொடுத்தால் ரத்தம் எடுத்து அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் செய்துவிடு. நாள் கடந்தால் டாக்டரால் எதுவும் செய்ய முடியாமல் போகும். நீ புரிந்துகொள்வாய்.

இது முடிந்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன்னோடு இருப்பதும் சுகமா? எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சித்தி ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் அனுப்பியாகிவிட்டது. சித்தியே சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அன்று இரண்டு ஆஸ்பத்திரி வண்டியும் ஒன்றாக வந்துவிட்டன. கொட்டகைக்குள் நடக்க இடமில்லை. வாயாடி கை வலிக்கிறது என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் என்றால் கேட்கமாட்டேன். டாக்டரால் எதுவும் செய்ய முடியாமல் போகும் என்று எழுதியிருந்தாய். என்ன செய்வார்? என்னைப்போல் என்று தெரிந்தால் நீ என்ன செய்வாய்?

கைவிரல் ஒன்பதரை சரி. கால்விரல் பத்தும் சரி. குதிகால் இடது சரி. நாக்கு சரி. கண் சரி.

எறும்பு

*

செப்டம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகம், இங்கே எல்லோரும் சுகம்! முடிவு வந்துவிட்டது. உன் ரத்தத்தில் பழுது எதுவும் இல்லை. ஏற்பிக்கான குறிப்பு இரண்டு பிரதியும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதாம். இது குடும்பத்து வழியில் வந்ததில்லை, மேற்கொண்டு சோதனை தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக நான் தூங்கவில்லை. நேற்று தூங்கினேன்.

அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "பார்த்தியா, நம்ம ரத்தத்துல ஒரு குறையும் இல்லை. அவ சின்ன வயசுலேருந்தே அழுத்தக்காரி. அவ்வளவுதான்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எறும்பு, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் வீட்டில் எப்போதும் ஏதாவது துக்கம். நீ அழுதால் அம்மாவும் அழுவாள். ஒருவேளை நீ அழாமல் இருக்கப் பழகிவிட்டாயோ? பழக்கம் என்றால் அதை மாற்றிக்கொள்ளலாமே.

நீ இங்கே வருவதைப் பற்றி. குழந்தை பிறக்கும்வரை வேண்டாம் என்கிறார்கள் அத்தை. நான் உன்னைப் பார்த்துப் பார்த்து மனம் கலங்கினால் குழந்தைக்கு ஆகாதாம். சித்தியும் உன்னை விட மனமில்லை, உன் கை ஓடுகிற மாதிரி யார் கையும் ஓடாது என்று புகழ்கிறாள். பிறந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.

நீ கேட்ட கேள்விக்கு இனிமேல் பதில் தேவையில்லை அல்லவா?

அக்கா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நல்ல செய்தி. எனக்கும் சந்தோஷம்.

கைவிரல் பத்தும் சரி. கால்விரல் பத்தும் சரி. குதிகால் இரண்டும் சரி. நாக்கு சரி. கண் சரி.

தங்கை

*

பிப்ரவரி 11

எறும்புக்கு,

நீ சித்தி ஆகிவிட்டாய். எட்டாம் தேதி பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பசித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுகிறாள். மற்றபடி சமத்து. காது உன் காது. நீ செப்டம்பருக்குப் பிறகு எழுதவே இல்லை. கோபம் போதும், ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூலை 2

தங்கைக்கு,

பிப்ரவரியில் எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்கு நீ பதில் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாம் மாதம் தொடையில் தடுப்பூசி போட்டபோது குழந்தை அழவில்லை. ஊசியைப் பார்த்துச் சிரித்தாள். நர்ஸ் மற்ற அம்மாக்களைக் கூப்பிட்டு, "பாருங்க, எப்படி இருக்கணும்னு இதைப் பார்த்துக் கத்துக்கங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை ஊரெல்லாம் சொன்னார்கள். உன்னை வளர்த்த நான், பெருமைப்பட்டேன்.

மே மாதம் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது, தோல் தாள் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. அப்போதும் வெயில் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் கீழே இரண்டு பல் முளைத்தது. நேற்றுத் தொட்டிலில் சத்தமே இல்லை என்று போய்ப் பார்த்தேன். வாயைச் சுற்றிச் சிவப்பு. தன் விரலை மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

அத்தை மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். "நம்ம ரத்தம்தான், நம்ம ரத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ரத்தத்தில் பழுது இல்லை என்றார்களே, எப்படி? நேற்று முழுக்க உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். ஆகஸ்ட் கடிதத்தில் வாயாடிக்குக் கை வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு ஏன் வலிக்க வேண்டும்? அன்று ஊசி யார் கையில் ஏறியது?

வா. உடனே வா. இவளை எப்படி வைத்துக்கொள்வது என்று உன்னைவிட யாருக்கும் தெரியாது. அத்தையும் வரச் சொல்கிறார்கள்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை சுகமில்லை என்று தெரிந்தே சுகமா என்று கேட்கக் கூடாது. அதனால் கேட்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு கைக்கும் மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்து, மணிக்கட்டில் நாடாவால் கட்டு, இறுக்காதே. பல் டாக்டரிடம் போய்ப் பல் முனையைத் தேய்த்து மழுங்கவைக்கச் சொல். குளிக்கிற தண்ணீரை உன் முழங்கையால் பார், அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. அவள் முகம் எப்போதும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். கண்ணில் தூசி விழுந்தாலும் சிமிட்டமாட்டாள், இமையைத் தூக்கிப் பார். தவழ ஆரம்பித்தால் முட்டியைப் பார். அழாததற்காக அவளை ஒருபோதும் புகழாதே. என்னைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் அடுத்து ஒரு வேலை வைத்தார்கள்.

இனி நீ கேட்டதற்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு வண்டியும் ஒன்றாக வந்தன. உருளையை விட்டு என்னை அனுப்பச் சித்திக்கு மனமில்லை. வாயாடியின் கையில் சீட்டைத் திணித்தாள். "ரத்தம்னா ரத்தம்தானே. ரெண்டும் ஒரே வயசு, ரெண்டும் பொண்ணு. போய் இவ பேரைச் சொல்லி ஒரு குத்து வாங்கிட்டு வா" என்றாள். வாயாடி கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவந்து, "உனக்கு வலிக்காதுங்கறதுக்காக எனக்கு வலிக்குது பாரு" என்றாள். நான் தடுக்கவில்லை. கையில் விரிப்பு இருந்தது. உனக்கு எழுதும்போதும் யார் என்று எழுதவில்லை. நீயாகக் கேட்பாய் என்று நினைத்தேன். இடது கையை விட்டுவிட்டு எழுதியதைக் கண்டுபிடித்தவள் நீ.

அதுவரை அது சித்தியின் தவறு. உன் செப்டம்பர் கடிதம் வந்த பிறகு என்னுடையது.

படித்த அன்றே உனக்கு உண்மையை எழுதினேன். இரண்டு பக்கம். உறையில் போட்டு ஒட்டினேன். அப்புறம், ஒருவேளை அழாமல் இருக்கப் பழகிவிட்டாயோ என்று நீ எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தேன். நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை, ஆனாலும் பதில் வந்துவிட்டது. என்னைப்போல் என்றால் நீ வைத்துக்கொள்ளமாட்டாய். நான் எழுதிய கடிதத்தை இரண்டு விரிப்புக்கு நடுவே வைத்து உருளைக்குள் விட்டேன். மறுபக்கம் பழுப்பாக வந்தது. எழுத்தெல்லாம் விரிப்பில் ஒட்டியிருந்தது. சித்தி என் முதுகில் அறைந்தாள். விரிப்புக்காக.

நாலில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தாய். மூன்று பங்கு உனக்கு, ஒரு பங்கு எனக்கு என்று வைத்துக்கொண்டேன். தெரிந்தேதான், அக்கா. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் இருந்திருக்கமாட்டாள். பதினேழு வருடம் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் வலி தெரிந்தவர்கள். உலகத்தில் என்னைப்போல் இன்னொருத்தி இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நினைத்தேன். நினைத்துவிட்டும் சும்மா இருந்தேன்.

கூப்பிடும் சத்தம் கிடைக்காத நரம்பு பட்டுப்போகும் என்று நீதான் எழுதினாய். இப்போது நீ வா வா என்கிறாய். நேற்றுச் சித்தியும் என்னைப் போகாதே என்றாள், விடுதிக்காரர்கள் இன்னொரு வண்டித் துணி தருகிறார்களாம். இரண்டு பேரும் ஒரே குரலில்தான் சொல்கிறீர்கள்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். சித்தியிடம் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிவருவதாகச் சொன்னார். போன வருடம் கட்டி வைத்த அதே பை, பிரிக்கவே இல்லை. வலது குதிகால் எலும்பு விரிசல் விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது, கொஞ்சம் சாய்ந்து நடப்பேன். வாசலில் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவை.

உன்னைப் பார்க்க நான் வரவில்லை.

இன்றைய பட்டியலைச் சரியாக எழுதுகிறேன். கைவிரல் எட்டரை. கால்விரல் ஒன்பது. குதிகால் ஒன்று. நாக்கு சரி. கண் சரி.

அவளுக்குப் பத்தும் இருக்கும்போதே வந்துவிடுகிறேன்.

எறும்பு